ஒரு பக்கத் தத்துவம்: படித்தும் அமர்ந்தும் நம் வாழ்க்கைக் கொள்கையை எழுதும் முறை

சுவரில் மாட்டும் வாசகம் வேறு, வாழ்க்கைத் தத்துவம் வேறு. ‘எல்லாம் நன்மைக்கே’ என்பது துக்க வீட்டில் ஆறுதலாக இருக்கலாம். தங்கை வீட்டுக்காரர் கைமாற்றாக வாங்கிய 2 லட்சம் மூன்று வருடமாகத் திரும்பி வரவில்லை, கேட்பதா விடுவதா என்று திகைக்கும்போது அந்த வாசகம் வாய் திறக்காது. அப்பாவுக்கு வென்டிலேட்டர் வைக்கட்டுமா என்று மருத்துவர் கேட்டு நிற்கும்போதும் அப்படித்தான். அந்த நேரத்தில் நாம் என்ன முடிவெடுக்கிறோமோ அதற்குப் பின்னால் ஏதோ ஒரு தத்துவம் இருக்கத்தான் செய்கிறது. பெரும்பாலும் அது நாம் தேர்ந்தெடுக்காதது. பயத்திலிருந்தோ பழக்கத்திலிருந்தோ வந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, தெரிந்தே ஒன்றை எழுதிக்கொள்வதற்கான முறை இது. 12 வாரம், வாரத்தில் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம். முடிவில் கையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்துக்கு நல்ல அச்சு தமிழிலேயே இருக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாட்டு 13 அடிதான். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற முதலடி எல்லோருக்கும் தெரியும். மீதி 12 அடியை நின்று படித்தவர்கள் குறைவு. பாட்டின் உயிர்நாடி 11ஆம் அடியில் இருக்கிறது. தீதும் நன்றும் பிறர் தந்து வருவன அல்ல, சாவு புதிதன்று, கல்லில் மோதி இரையும் பேராற்றில் நீர் போன வழியே போகும் தெப்பம்போல உயிர் முறைவழிப் போகும் என்று சொல்லிவிட்டு, ‘என்பது திறவோர் காட்சியின் தெளிந்தனம் ஆகலின்’ என்கிறார். அதன் பிறகு வருவது இரண்டே நடத்தை: பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதைவிடவும் இல்லை.

‘திறவோர் காட்சி’ என்பது பிறர் கண்டது. அது படிப்பதால் கிடைக்கும். ‘தெளிந்தனம்’ என்பது நமக்கே தெளிந்தது. அது படித்ததோடு தனியே அமர்ந்திருப்பதால் கிடைக்கும். ‘ஆகலின்’ என்பது இவ்விரண்டையும் நம் நடத்தையோடு பூட்டும் தாழ்ப்பாள். படித்துக்கொண்டே இருப்பவர்களிடம் பெரும்பாலும் இல்லாதது ‘தெளிந்தனம்’. தியானம் மட்டும் செய்பவர்களிடம் பெரும்பாலும் இல்லாதது ‘ஆகலின்’. சைவ சித்தாந்தம் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை (தெளிந்ததில் நிலைத்திருத்தல்) என்று நான்கு படி சொல்லும். அங்கே அதன் நோக்கம் வேறு என்றாலும், வரிசை நமக்கும் பொருந்தும்: முதல் படி தாண்டாமல் மூன்றாவதில் கால் வைக்க முடியாது.

வேண்டிய பொருள்கள்

192 பக்க நோட்டு ஒன்று. 72 நாளுக்கு நாளொன்றுக்கு எதிரெதிர் இரண்டு பக்கம் என்றால் 144 பக்கம் ஆகும். மீதி 48 பக்கம் கடைசியில் அடித்து எழுதப் போதும். இடப்பக்கத்தில் அன்று படித்த அடி, அதன் உரை. வலப்பக்கத்தில் நீங்கள். இடப்பக்கத்தில் உங்கள் கருத்து வரக்கூடாது, வலப்பக்கத்தில் மேற்கோள் வரக்கூடாது. இந்தக் கட்டுப்பாடு சிறியதாகத் தெரியும். ஆனால் நூல் சொன்னது எது, நாம் அதில் ஏற்றியது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இதிலிருந்துதான் வரும்.

புறநானூறு உரையுடன் ஒன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சிட்டுத் தந்த நூல் இது. அதற்குக் கிடைத்திருக்கும் பழைய உரை 266ஆம் பாட்டு வரைதான். நாம் படிக்கப்போகும் நான்கு பாட்டும் அதற்குள் வந்துவிடும். பழைய உரை கடினமாக இருந்தால் ஔவை துரைசாமிப் பிள்ளையின் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரையும் மு. வரதராசனின் தெளிவுரையும். இவற்றில் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டிய பக்கங்களை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படித்தால் ஏழாவது நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் இருப்பீர்கள். அது மனவலிமைக் குறைவு அல்ல, அந்தக் கருவியின் வேலையே அது.

முதல் நான்கு வாரம்: 37 அடி

நான்கு பாட்டு: 189, 182, 194, 192. இந்த வரிசையில், வாரத்துக்கு ஒன்று. எல்லாம் சேர்த்து 37 அடி. நாலு வாரத்துக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான். வேகமாகப் படிப்பதால் கிடைப்பது தகவல்; இங்கே நமக்கு வேண்டியது ஒரு கருத்தோடு சண்டை போட்டு முடிக்கும் நேரம்.

முதல் நாள் உரையைத் தொடாமல், பதம் பிரித்த மூலத்தை மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். புரிந்ததை மட்டும் எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் நாள் உரை. முதல் நாள் நினைத்தது எங்கே தவறியது என்று குறியுங்கள். பெரும்பாலும் தவறுவது கடினமான சொல்லில் அல்ல, பழகிய சொல்லில்தான். ‘கேளிர்’ என்றால் கேளுங்கள் என்று நினைப்போம். உறவினர் என்பது பொருள். ‘காட்சி’ என்றால் கண்டு தெளிந்த அறிவு. 192இல் வரும் ‘முனிவின்’ முனிவரைச் சொல்லவில்லை, வெறுப்பைச் சொல்கிறது. தெரியாத சொல்லுக்கு அகராதி புரட்டுவோம், தெரிந்ததாக நினைத்த சொல்லுக்குப் புரட்டமாட்டோம்; அங்கேதான் பொருள் நழுவும்.

மூன்றாம் நாள் பாட்டை வீட்டில் பேசுகிற தமிழில், அம்மாவுக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். நான்காம் நாள் அதை மறுத்து அரைப்பக்கம். ஐந்தாம் நாள், இந்தப் பாட்டு சரியென்றால் என் வாழ்க்கையில் நாளை எது மாற வேண்டும் என்று ஒரு பத்தி. ஆறாம் நாள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். விட்டுப்போன அடி எதுவோ, அதுதான் மனம் ஒதுக்கிய அடி என்று ஐயப்பட இடம் உண்டு. மறுபடி அதைப் படியுங்கள். ஏழாம் நாள் நூல் வேண்டாம்.

189 நக்கீரனார் பாட்டு. உலகம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவனுக்கும், நடுச்சாமத்திலும் பகலிலும் தூங்காமல் விலங்கு தேடித் திரியும் படிப்பறியா வேட்டுவனுக்கும் ‘உண்பது நாழி உடுப்பவை இரண்டே’. நாழி என்பது தானியம் அளக்கும் பழைய அளவு. செல்வத்தின் பயன் ஈதல். நாமே அனுபவிப்போம் என்றால் தவறிப்போவன பல. இதைப் பாராட்டிவிட்டுப் போகாமல் கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டு ‘நாழி’ எவ்வளவு? வாடகை, அரிசி, பருப்பு, பால், மின்கட்டணம், பள்ளிக்கட்டணம், மருந்து என்று உண்மையான மாதச் செலவை ரூபாயில் எழுதுங்கள். அதற்கு மேல் வருவது எவ்வளவு, அது எங்கே போகிறது என்று அடுத்த வரியில். மனம் இந்த எண்ணை எழுத விடாது, ‘அது மாதத்துக்கு மாதம் மாறும்’ என்று நழுவும். தோராயமாகவாவது எழுதிவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் மிக உறுதியாக நிற்கும் வரி பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.

182 கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியது: அமிழ்தமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்கள், தமக்கென முயலாமல் பிறர்க்கென முயல்பவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இருக்கிறது என்பது. அப்படி நீங்கள் நேரில் கண்ட மூவர் பெயரை எழுதுங்கள். தலைவர்கள் வேண்டாம், தெருவில் கண்டவர்கள்.

மூன்றாம் நான்காம் வாரத்துப் பாட்டுகள் ஒன்றோடொன்று மோதுவதற்காகவே அடுத்தடுத்து வைக்கப்பட்டவை. 194இல் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையையும் இன்னொரு வீட்டில் மணமுழவையும் கேட்கிறார். இப்படிப் படைத்தவன் ‘பண்பிலாளன்’ என்றே சொல்லிவிடுகிறார். ‘இன்னாது அம்ம இவ்வுலகம்’. அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காணட்டும் என்று முடிக்கிறார். பூங்குன்றனாரோ வாழ்வு இனிதென்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்து இன்னாதது என்று சொன்னதும் இல்லை என்கிறார். ஒருவர் உலகம் கொடியது என்று அறிந்து இனிமையைத் தேடச் சொல்கிறார். மற்றவர் அந்த இரண்டு பேச்சையும் விடச் சொல்கிறார். இரண்டும் உயர்ந்த கருத்து என்று சமரசம் செய்துகொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாவை நினைத்துப் பாருங்கள். அன்று எந்தப் பாட்டு உண்மையாக இருந்தது? வலப்பக்கத்தில் எண்ணை எழுதி, ஏன் என்று ஐந்து வரி. உங்கள் தத்துவத்தின் முதல் வரி அங்கே பிறக்கிறது.

அமர்தல்

படித்தவுடன் மனம் ஒப்புக்கொள்ளும். சந்தமும் புகழும் சேர்ந்த வரிக்கு எவரும் தலையாட்டிவிடுவார்கள். எந்த இடத்தில் நாம் உண்மையில் ஒப்பவில்லை என்பது அமர்ந்தால்தான் தெரியும். ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்பதை மனத்தில் வைத்து 10 நிமிடம் இருந்தால், ஏமாற்றிய ஒருவரின் முகம் வரும், தாடை இறுகும். அந்த இறுக்கம்தான் நமக்கு வேண்டிய சான்று. ‘இந்த அடியை நான் நம்பவில்லை’ என்று அன்று எழுதினால் அது பழுதில்லாத ஒரு நாள் வேலை.

காலையில், பலகாரத்துக்கு முன். இருபது நிமிடம். பத்மாசனம் தேவையில்லை. தரையில் அமர்ந்தால் போர்வையை நான்காக மடித்து, நாலு விரற்கடை உயரத்துக்கு இடுப்பின் கீழ் வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து தரையைத் தொட வேண்டும். இந்த உயரம் இல்லாவிட்டால் இடுப்பு பின்னால் சரிந்து, முதுகு வளைந்து, பத்தாவது நிமிடத்தில் வலி ஒன்றே தியானப் பொருளாகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் அமரலாம்: பாதம் முழுதும் தரையில், முதுகு சாயாமல். கண் பாதி திறந்து, இரண்டு முழம் தள்ளித் தரையைப் பார்க்கட்டும். நேரத்துக்குச் சமையலறை மணிக்கடிகாரம் போதும்.

முதல் 5 நிமிடம் வெளிவிடும் மூச்சை 1 முதல் 10 வரை எண்ணி, மறுபடி 1. எண் தப்பினால் 1. அடுத்த 10 நிமிடம் அன்றைய அடியிலிருந்து இரண்டு மூன்று சொல், ‘உண்பது நாழி’ என்பதுபோல. செபம்போல ஓட்ட வேண்டாம். சில மூச்சுக்கு ஒருமுறை மனத்தில் வைத்துவிட்டு, அது எதைக் கிளப்புகிறது என்று பாருங்கள். கடைசி 5 நிமிடம் அந்தச் சொல்லையும் விட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மணி அடித்ததும் எழுந்து போகாமல், 5 நிமிடம் வலப்பக்கத்தில் எழுதுங்கள். அமர்ந்த இடத்தில் மிகத் தெளிவாக இருந்தது அரைமணி நேரத்தில் கலைந்துவிடும்.

மனம் ஓடும்போது என்ன செய்வது என்பதற்கு 422ஆம் குறளைவிடத் தெளிவான குறிப்பு தேவையில்லை: ‘சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ நன்றின்பால் உய்ப்ப தறிவு’. போன போக்கில் விடாமல், தீயதிலிருந்து விலக்கி, நல்லதன்பால் செலுத்துவது. பரிமேலழகர் இங்கே நிலமறிந்து குதிரை செலுத்தும் வாதுவனை உவமை சொல்கிறார். குதிரையை நிறுத்துவது அவன் வேலை இல்லை. ‘எனக்கு மனம் நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்று இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுபவர்கள் நிறுத்தத்தான் தியானம் என்று நினைத்தவர்கள். 20 நிமிடத்தில் 60 முறை ஓடி 60 முறை திரும்பினால், 60 முறை கடிவாளம் பிடித்துப் பழகியிருக்கிறீர்கள்.

தடுமாறும் இடங்கள் வேறு சில உண்டு. தூக்கம் வந்தால் கண்ணை இன்னும் திறங்கள், முகம் கழுவிவிட்டு அமருங்கள். நாலு நாள் தொடர்ந்தால் இரவுத் தூக்கம் போதவில்லை என்று பொருள், அதைச் சரிசெய்யுங்கள். அலுவலகத் திட்டம் போட ஆரம்பித்தால் நோட்டில் ஒரு சொல் குறித்துவிட்டுத் திரும்புங்கள். மனத்துக்குள் நீதிமன்றம் கூடும்: நீங்களே வக்கீல், நீங்களே நீதிபதி, மாமியார் எதிரி. வாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது படித்த அடியைப் பற்றியது அல்ல என்று கண்டு மூச்சுக்கு வந்துவிடுங்கள். இவற்றைவிட நுட்பமான தவறு அமைதியைத் தெளிவு என்று எண்ணிக்கொள்வது. சுகமாக இருந்த நாளில் எழுதிய வரியை, தலைவலியோடு அமர்ந்த நாளில் மறுபடி படித்துப் பாருங்கள். அப்போதும் நின்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய துயரம் வெள்ளமாக வந்து மூச்சு முட்டினால் கண்ணை முழுக்கத் திறந்து எழுந்து நடந்துவிடுங்கள். மறுநாள் 5 நிமிடம் மூச்சு எண்ணுவதோடு நிறுத்துங்கள். தூக்கம் கெடுவதும் பதற்றமும் நாள்கணக்கில் தொடர்ந்தால் இதை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் அவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘பிறர்தர வாரா’ என்ற அடியை அடிபட்ட ஒருவரிடம் சொல்லிவிடாதீர்கள். கணவனிடம் அடிவாங்கும் பெண்ணுக்கும், சாதியின் பெயரால் தெருவில் தடுக்கப்பட்டவருக்கும் தீது பிறர் தந்துதான் வந்தது. பூங்குன்றனார் அதைத் தம்மைப் பற்றி, ‘தெளிந்தனம்’ என்று சொன்னார். தத்துவ வரிகள் நம்மை அளக்க. பிறரை அளக்க எடுத்தால் கொடுமையாகிவிடும்.

ஐந்து முதல் பத்து வாரம் வரை

குறளில் 1330ஐயும் வரிசையாக முடிப்பது வேறு வேலை. இங்கே நான்கு அதிகாரம், வாரத்துக்கு ஒன்று: வாய்மை (30), வெகுளாமை (31), ஊழ் (38), ஆள்வினையுடைமை (62). பொய், கோபம், விதி, முயற்சி. வீட்டிலும் வேலையிலும் நாம் எடுக்கும் முடிவுகளில் பெரும்பகுதி இந்த நான்குக்குள் அடங்கும். உங்களுக்குப் பணமே பெரிய கேள்வி என்றால் ஒன்றை எடுத்துவிட்டு ஒப்புரவறிதலை (22) வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு இரண்டு குறள், இரண்டு உரையையும் ஒப்பிட்டு.

வெகுளாமையின் முதல் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்’. கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குபவனே அடக்குபவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? மேலதிகாரியிடம் நாம் பொறுமையாக இருப்பதை வள்ளுவர் கணக்கில் எடுக்கவே இல்லை. இந்த மாதம் யார் யாரிடம் கத்தினீர்கள் என்று பட்டியல் எழுதுங்கள்: பிள்ளை, வீட்டு வேலைக்கு வரும் அம்மா, ஆட்டோ ஓட்டுநர், கஸ்டமர் கேரில் பேசியவர். பட்டியலில் திருப்பித் தாக்கக்கூடியவர் எத்தனை பேர்? இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு நாள் அமர்ந்தால், பல புத்தகம் தராத ‘காட்சி’ கிடைக்கும்.

வாய்மையில் 292ஆம் குறள் குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. அடுத்த குறளே, நெஞ்சறிந்ததைப் பொய்த்தால் அந்த நெஞ்சே சுடும் என்கிறது. முதலதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விடுவது வழக்கம். ‘நல்லதுக்குச் சொன்ன பொய்’ என்று நீங்கள் நினைக்கும் ஒவ்வொன்றையும் எழுதி, எதிரே ‘நன்மை யாருக்கு?’ என்று குறியுங்கள். ‘புரைதீர்ந்த’ என்ற நிபந்தனை எவ்வளவு கடுமையானது என்று அப்போது தெரியும்.

ஊழும் ஆள்வினையும்தான் கடினம். 380: ஊழைவிட வலியது எது? தப்பிக்க வேறு வழி சூழ்ந்தாலும் அது முந்திக்கொண்டு நிற்கும். 620: சோர்வில்லாமல், தாழ்வில்லாமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காண்பர். இரண்டும் ஒரே புலவர் வாக்கு. 380 அறத்துப்பாலின் கடைசிக் குறள், 620 பொருட்பாலில் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். நம் வாழ்க்கை அப்படிப் பால் பிரித்து வருவதில்லை. ஒரு உண்மைச் சிக்கலை நடுவில் வைத்து, நோட்டின் குறுக்கே கோடு கிழியுங்கள். மகள் நீட் எழுதுகிறாள் என்று வையுங்கள். வினாத்தாள், கட்ஆஃப், உங்கள் குடும்ப வருமானம், அன்றைய காய்ச்சல்: இவை கோட்டுக்கு மேலே. அவள் படிக்கும் நேரம், தூக்கம், வேறு படிப்புக்கான விண்ணப்பம், வீட்டில் நீங்கள் பேசும் பேச்சு: இவை கீழே. மேலே உள்ளதற்கு அழுத நேரத்தையும் கீழே உள்ளதற்குச் செலவிட்ட நேரத்தையும் எழுதிப் பாருங்கள். சோம்பல் உள்ளவர் கோட்டை இறக்கிக் கிழிப்பார், கவலைப்படுபவர் ஏற்றிக் கிழிப்பார். நீங்கள் எந்த வகை என்பதும் ஒரு ‘காட்சி’.

ஒன்பதாம் பத்தாம் வாரம், உங்களுக்குப் பிடிக்காத ஒரு சிந்தனையாளரைப் படியுங்கள். பக்தி உள்ளவர் பெரியார் கட்டுரைகளை. பகுத்தறிவாளர் தாயுமானவர் பாடல்களை. இருபது பக்கம் போதும். மூன்றாம் நாள் எழுதிய அதே பேச்சுத்தமிழில், அவர் தரப்பை அவரே ஒப்புக்கொள்ளும்படி நீங்கள் எழுதிவிட்டால் அந்த வாரம் முடிந்தது.

எழுதுதல்

பதினோராம் வாரம் நோட்டை முதலிலிருந்து படித்து, வலப்பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்ததை அடிக்கோடிடுங்கள். அவற்றிலிருந்து மூன்று காட்சி, ஓர் ‘ஆகலின்’, மூன்று முதல் ஐந்து நடத்தை. மொத்தம் 13 வரிக்கு மேல் வேண்டாம். உருவம் இப்படி இருக்கலாம்:

எங்கள் வீட்டுக்கு மாதம் 32,000 போதும். அதற்கு மேல் வருவது தேவைக்காக வருவதல்ல.
என் கோபம் பெரும்பாலும் என்னை எதிர்க்க முடியாதவர்கள் மேல் பாய்கிறது.
அப்பா அம்மாவோடு இருக்கும் காலம் நான் எண்ணியிருப்பதைவிடக் குறைவு.
ஆகலின்,
சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒரு பங்கை எடுத்து வைப்பேன். யாருக்குக் கொடுத்தேன் என்று பேசமாட்டேன்.
பிள்ளைகளிடமும் வேலைக்கு வருபவரிடமும் குரல் உயர்த்தமாட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை மாலையை வேறு எவருக்கும் தரமாட்டேன்.

‘மாட்டேன்’ என்ற சொல் வருவதைக் கவனியுங்கள். 192இல் ‘இலமே’ நான்கு முறை வருகிறது. எதைச் செய்யமாட்டோம் என்று சொல்லாத தத்துவத்துக்கு விளிம்பு இருக்காது.

ஒவ்வொரு வரியையும் உரைத்துப் பாருங்கள். இதை மறுத்து ஒரு நல்ல மனிதர் பேச முடியுமா? ‘நேர்மையாக வாழ்வேன்’ என்பதை எவரும் மறுக்கமாட்டார். எனவே அது எதையும் சொல்லவில்லை, அடித்துவிடுங்கள். கடந்த மாதம் இந்த வரி இருந்திருந்தால் பணத்திலோ நேரத்திலோ பெயரிலோ எனக்கு என்ன இழப்பு? ஒன்றும் இல்லையென்றால் அது ஏற்கெனவே இருக்கும் பழக்கத்துக்குப் போட்ட பொன்முலாம். எனக்குத் தீங்கு செய்தவரிடமும் இது நிற்குமா? நிற்காவிட்டால் விலக்கை அந்த வரியிலேயே எழுதுங்கள், மறைக்க வேண்டாம். இந்த ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து முறையாவது திருத்தி எழுதப்படும். முதல் வரைவு பெரும்பாலும் மேடைப்பேச்சாகத்தான் வரும்.

பன்னிரண்டாம் வாரம், உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். கசடறக் கற்பதற்குப் பரிமேலழகர் சொல்லும் வழி திரிபையும் ஐயத்தையும் நீக்கி, நல்லோர் பலருடன் பலகாலும் பயிலுதல். ‘குரல் உயர்த்தமாட்டேன்’ என்பதைக் கேட்டு மனைவி முகத்தில் என்ன தோன்றுகிறது என்று பாருங்கள். அங்கே வரும் திருத்தம் எந்த உரையாசிரியரும் தர முடியாதது.

அதன் பிறகு ஆறு மாதம் பக்கத்தை மாற்ற வேண்டாம். தினம் இரவு 5 நிமிடம் படித்து, மீறிய வரிக்கு எதிரே ஒரு புள்ளி. ஒரே வரிக்கு ஒரு மாதத்தில் பத்துக்கு மேல் புள்ளி விழுந்தால், வரி பொய்யா, ஏற்பாடு போதவில்லையா என்று பாருங்கள். ஞாயிறு மாலை போகிறதென்றால் பெரும்பாலும் சனிக்கிழமையே வேலையை முடிக்காததுதான் காரணம். ஆறு மாதம் கழித்து மாற்றும்போது பழைய வரியைக் கிழித்துவிடாமல், ஒற்றைக் கோடு கிழித்துத் தேதி போடுங்கள்.

இனி அந்த 2 லட்சம். மேலே உள்ள மாதிரிப் பக்கத்தை வைத்துக்கொண்டு பார்த்தால், பணம் வீட்டு நாழிக்குள் வருகிறதா, வெளியே வருகிறதா என்பது முதல் கேள்வி. வெளியே என்றால் ஒரு முறை, நேரில், தனியாக, தெளிவாகக் கேட்பது. முடியாது என்றால் கொடுத்ததாக வைத்துக்கொண்டு தங்கையிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமலிருப்பது. உள்ளே என்றால், மாதம் 5,000 என்று தவணை எழுதி வாங்குவது, எழுதும்போது குரல் உயர்த்தாமலிருப்பது. உங்கள் பக்கம் வேறாக இருந்தால் முடிவும் வேறாக இருக்கும்.